ஃபேமிலி ரூம் மாடியில்

மார்கழி பிறந்துவிட்டால் பத்திரிகைகளில் ஒரு வகைக் கட்டுரை தவறாமல் வந்துவிடும். எழுதுகிறவர் எழுபதைத் தொட்ட ஆண். மயிலாப்பூரிலோ திருவல்லிக்கேணியிலோ வளர்ந்தவர். மாலை ஐந்தரை மணிக்கு மாட வீதிப் பக்கத்து மெஸ்ஸில் இரண்டு இட்லி, கெட்டிச் சட்னி, பித்தளை டபராவில் நுரை ததும்பக் காப்பி. அப்புறம் நடந்தே சபாவுக்குப் போய்ச் செம்மங்குடியையோ மதுரை சோமுவையோ கேட்டது. திரும்பும் வழியெல்லாம் தோடியை முணுமுணுத்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாய் மோர் சாதம் சாப்பிட்டுப் படுத்தது. அந்த ருசியும் போயிற்று, அந்தச் சங்கீதமும் போயிற்று என்று ஒரு பெருமூச்சு.

இருபது வருடங்களாக இந்தக் கட்டுரைகளை வாசித்து வருகிறேன். சில நிஜமாகவே நன்றாக எழுதப்பட்டவை. ஆனால் எதிலும் பக்கத்து மேசையில் ஒரு பெண் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததாகப் படித்த ஞாபகம் எனக்கில்லை. எழுதியவர்களின் நினைவாற்றலைக் குறை சொல்ல மாட்டேன். அவள் அங்கே இருக்கவில்லை. அந்தக் கட்டுரைகளில் அவள் வருவதெல்லாம் அந்த மோர் சாதத்தில்தான், அதுவும் பெயரில்லாமல். இரவு பத்து மணிக்கு யாரோ விழித்திருந்து கதவைத் திறந்திருக்கிறார்கள். யாரோ சாதத்தைக் குழையப் பிசைந்து, மோர் ஊற்றி, நார்த்தங்காய் எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆக, கச்சேரிக்கு முன் ஓட்டலில் சாப்பிட்டதால் அந்த வீட்டு அடுப்புக்கு ஒருநாள்கூட விடுப்புக் கிடைக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு இரண்டு சாப்பாடு. அவளுக்கு ஒரு சமையலும் ஒரு காத்திருப்பும்.

பழைய ஓட்டல்களின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-லிருந்து இட்லியைச் சாம்பாரில் மூழ்கடித்துக்கொண்டிருக்கிறது. இன்னும் நூறு வருடம் மூழ்கடிக்கட்டும், நானும் வரிசையில் நிற்பேன். என் சண்டை 'பழமை மாறாத' என்ற அடைமொழியோடு. எது மாறாமல் இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினால், வெங்காயச் சாம்பாரின் வாசனையோடு வேறு சிலவும் கூடவே வரும்.

சாதியிலிருந்து தொடங்குவோம், ஓட்டலின் வரலாறு அங்கிருந்துதான் தொடங்குகிறது. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் காப்பி கிளப் என்றும் பிராமணாள் ஓட்டல் என்றும் பெருகிய இடங்களில் யார் உள்ளே உட்காரலாம், யாருக்குத் தனி இடம், யாருக்கு இடமே கிடையாது என்பதெல்லாம் வரையறுக்கப்பட்டிருந்தது. ரயில் நிலையச் சாப்பாட்டுக் கூடங்களில்கூடப் பிராமணர்களுக்குத் தனிப் பகுதி இருந்தது. தொடர்ந்து எழுந்த எதிர்ப்பின் விளைவாக 1941-இல்தான் அது ஒழிந்தது. 1957-இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன்னால் பெரியார் அறிவித்த மறியல், பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரே ஒரு சொல்லை எடுக்க வேண்டும் என்பதற்காக. மாதக்கணக்கில் நடந்தது. அணி அணியாகப் போய்க் கைதானார்கள். ஒரு சொல்லுக்காகவா இவ்வளவு என்று அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். அந்தச் சொல் போனது.

பெண்ணைத் தடுக்கப் பலகையே தேவைப்படவில்லை. வீட்டுக்குள்ளேயே அவளைத் தடுத்தாயிற்று. எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். என் சிறுவயதில், அதாவது 1980-களில், ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிடும் பெண் என்றால் ஒன்று வெளியூர்க்காரி, இல்லையென்றால் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியவள். எங்களுக்கு ஓட்டல் என்பது அப்பா கையில் தொங்கிவரும் பொட்டலம். வாழையிலையும் செய்தித்தாளும் சணல் நூலும். உள்ளே மசால் தோசை நான்காக மடிந்து, வியர்த்து, தன் சட்னியிலேயே ஊறிக் கிடக்கும். அதை அம்மா பிய்த்து மூன்று பிள்ளைகளுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் இலையை வழித்துத் தன் வாயில் போட்டுக்கொள்வார். "ஓட்டல் தோசைன்னா இப்பிடித்தான் பதப்பதன்னு இருக்கும் போல" என்று அம்மா பல வருடம் நம்பிக்கொண்டிருந்தார். முறுகல் என்பது கல்லிலிருந்து எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் மேசைக்கு வந்தால்தான் உண்டு. அந்த இரண்டு நிமிடத் தொலைவில் உட்காரும் உரிமை என் அம்மாவுக்கு ஐம்பத்தோரு வயதில், எனக்கு வேலை கிடைத்த பிறகு, மதுரையில் வாய்த்தது. தட்டில் இருந்த தோசையை விரலால் ஒடித்துப் பார்த்தார். சத்தம் வந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவுதான், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு பெண்கள் ஓட்டலுக்கு வரத் தொடங்கினார்கள். வந்தவர்களை எங்கே உட்கார வைப்பது என்பதற்கு ஓட்டல் கண்டுபிடித்த பதில் ஃபேமிலி ரூம். பாதிக் கதவு, அல்லது ஒரு திரை, இல்லாவிட்டால் மாடி. சொல்லைக் கவனியுங்கள். 'பெண்கள் அறை' என்று எழுதவில்லை, 'குடும்ப அறை'. ஒரு பெண் வெளியே உட்கார்ந்து சாப்பிட வேண்டுமானால் அவள் ஒரு குடும்பமாக வர வேண்டும். நான்கு ஆண்கள் சேர்ந்து வந்தால் அவர்கள் நான்கு ஆண்கள். இரண்டு பெண்கள் வந்தால் அவர்கள் ஃபேமிலி. கதீட்ரல் சாலையில் 1962 முதல் 2008 வரை இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னைச் சொல்லிச் சொல்லி உருகுகிறார்கள். காருக்குள் உட்கார்ந்தபடியே சாப்பிடலாம், எவ்வளவு நவீனம் என்று. கார் வைத்திருந்த குடும்பத்துப் பெண்ணுக்கு அது சக்கரம் வைத்த ஃபேமிலி ரூம். (அந்த இடத்தில்தான் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது. தமிழ்ப் பேராசிரியை என்ற முறையில் நான் மகிழ வேண்டும். எனக்கென்னவோ காப்பிதான் நினைவுக்கு வருகிறது.)

இதெல்லாம் பழங்கதை என்று நினைப்பவர்களுக்காக, இரண்டு டிசம்பருக்கு முன் நடந்தது. என் முதுகலை மாணவி ஒருத்தியும் நானும் ஆறே முக்கால் மணிக் கச்சேரிக்குக் கிளம்பினோம். அவளுக்கு அதுதான் முதல் கச்சேரி. சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று, நகரத்தின் பழைய ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப்போனேன். பெயர் வேண்டாம், கேட்டால் எல்லோருக்கும் தெரியும். கீழே நீளமான கூடம். பளிங்குக் கல் மேசைகள். ஆட்கள் எதிரெதிரே உட்கார்ந்து, அடுத்தவர் இலை முடியக் காத்திருந்து, முன்பின் தெரியாதவர்களோடு அன்றைய பாடகரின் தொண்டையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இரண்டு இடம் காலியாக இருந்தது. உட்காரப் போனோம். சூப்பர்வைசர் விரலை மேலே காட்டினார்.

"ஃபேமிலி மாடில, மேடம்."

"நாங்க ஃபேமிலி இல்ல சார். ரெண்டு பேருதான். இங்கயே உக்காந்துக்கறோம்."

"லேடீஸ்னா மேலதான்மா. இங்க ஜென்ட்ஸ் வருவாங்க, உங்களுக்குத்தான் கஷ்டம்."

எனக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரிவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. மேடம் ஒரு நிமிடத்தில் அம்மாவாகியிருந்தேன். கூடத்தில் இருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். மாணவி என் கையைப் பிடித்து இழுத்தாள். மேலே போனோம்.

மேலே ஏசி. அதே நெய் ரோஸ்ட்டுக்கு மேலே வேறு விலை. கீழேயிருந்து பரிமாறுகிறவர் படியேறி வந்தாக வேண்டும் என்பதால், தோசை வருவதற்கு இருபத்தைந்து நிமிடம். வந்தபோது அம்மாவின் தோசையாகத்தான் இருந்தது, பதப்பதவென்று. கைகழுவும் இடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை, பூட்டியிருந்தது. சாவி எங்கே என்று கேட்டால் கீழே கேஷ் டேபிளில். கல்லாவில் இருப்பவரிடம், பில் கட்ட நிற்கும் ஆண்களின் வரிசைக்கு முன்னால் நின்று, அந்தச் சாவியைக் கேட்க வேண்டும். சாவியோடு ஒரு பெரிய மரக்கட்டையைக் கட்டியிருந்தார்கள், யாரும் மறந்து கொண்டுபோய்விடக் கூடாதாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு கூடம் முழுவதையும் கடந்து அந்தப் பெண் படியேறிப் போனாள். இருபத்திரண்டு வயது. நாங்கள் சபாவுக்குள் நுழையும்போது வர்ணம் முடிந்து இரண்டாவது கீர்த்தனை போய்க்கொண்டிருந்தது.

டிகிரி காப்பியைப் பற்றி எழுதிக் குவித்த இந்த ஊரில் சிறுநீரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. எனக்குத் தெரிந்த பெண்கள் பலர் கச்சேரிக்குப் போகும் நாளில் மதியம் மூன்று மணிக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதில்லை. காப்பியா, கேட்கவே வேண்டாம். மூன்று மணி நேரக் கச்சேரி, அதற்கு முன் ஓட்டல், பின்னால் பேருந்து. இடையில் எங்கே போவது? மூத்திரக் கடுப்பையும் நீர்க்குத்தலையும் வைத்துக்கொண்டு ராகம் தானம் பல்லவி கேட்ட ரசிகைகளின் வரலாறு ஒன்று இருக்கிறது. காப்பியின் மணம் அந்தக் கட்டுரைகளில் ஏன் அவ்வளவு தூய்மையாக இருக்கிறது என்றால், எழுதியவருக்கு அதைக் குடித்த பிறகு ஒரு சந்து, ஒரு சுவர் எப்போதும் இருந்திருக்கிறது.

சமையலுக்கு வருகிறேன், வராமல் முடியாது. ஓட்டல் சாப்பாட்டை நாம் பாராட்டும் உச்சபட்ச வார்த்தை 'வீட்டுச் சாப்பாடு மாதிரி'. வீட்டுச் சாப்பாட்டைப் பாராட்டும் உச்சபட்ச வார்த்தை 'நளபாகம்'. கொஞ்சம் நின்று யோசித்தால் சிரிப்பு வரும். வீட்டில் சமைத்தவள் பெண். அவளைப் புகழவும் ஒரு ராஜாவின் பெயர்தான் கிடைக்கிறது. இன்னும் வேண்டுமானால் பீமபாகம். பெண்ணின் சமையலுக்குச் சொந்தமாக நாம் ஒதுக்கிய சொற்கள் கைமணம், கைப்பக்குவம். அதாவது அறிவு இல்லை, கை. தானாகவே வாய்த்துவிட்டது, பூவுக்கு வாசம் போல. தானாக வாய்த்ததற்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? சமையல் கூலி பெறும் இடத்துக்கு வந்தவுடன் அது சரக்கு மாஸ்டர், தோசை மாஸ்டர், காண்ட்ராக்டர் என்று பட்டங்களோடு ஆண் வேலையாகிவிடுகிறது. சபா கேன்டீன்களை நடத்திப் புகழ்பெற்ற பெயர்களை ரசிகர்கள் வித்வான்களின் பெயரைப் போலவே சொல்வார்கள். எனக்குத் தெரிந்த பெயரெல்லாம் ஆண் பெயர். பின்கட்டில் பாத்திரம் தேய்ப்பவளும், கீரை ஆய்பவளும், தேங்காய் துருவுபவளும் பெண்கள். அவர்கள் கைக்கு மணம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. அப்பளமும் வடாமும் வீட்டுத் திண்ணைகளில் இட்டவர்களில் எத்தனை பேர் கைம்பெண்கள் என்று பழைய மயிலாப்பூரைத் தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1951-இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' எழுதி, கைமணம் என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை அளவும் நிறையும் நேரமுமாக அச்சில் ஏற்றினார். அவரும் இளவயதில் கணவரை இழந்தவர். புதிதாகக் கல்யாணமான பெண்கள் தலைமுறை தலைமுறையாக அதைப் பார்த்துச் சமைத்திருக்கிறார்கள். ஆனாலும் நல்ல சமையலுக்கு 'மீனாட்சிபாகம்' என்று சொல்ல நம் நாக்குக்கு இன்னும் வரவில்லை.

வகுப்பில் சிறுபாணாற்றுப்படை நடத்தும் ஒவ்வொரு வருடமும் நான் ஓரிடத்தில் நின்றுவிடுவேன். இசையும் சாப்பாடும் ஒன்றாக வரும் நூல் அது. பசித்த பாணனை நல்லியக்கோடனிடம் ஆற்றுப்படுத்துகிறது. பரிசில் பெறுவதற்கு முன் அந்தக் குடும்பத்தின் அடுக்களை எப்படி இருந்தது என்று புலவர் நத்தத்தனார் காட்டுகிறார். குட்டி போட்ட நாய் படுத்திருக்கும் அடுப்படி. இற்று விழும் கூரை. கிணைமகள் ஒருத்தி குப்பை மேட்டில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்புக்கும் வழியில்லாமல் வேகவைத்து, பார்ப்பவர்கள் ஏளனம் செய்வார்களே என்று வெட்கப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு சுற்றத்தோடு உண்ணும் காட்சி. அதே பாட்டின் கடைசியில் அரசன் விருந்து வைக்கிறான். அந்த அடிசில், பீமசேனன் எழுதிய சமையல் நூலின் வழி தவறாமல் ஆக்கியது என்கிறார் புலவர். சமையலுக்கு நூல் எழுதிய பெருமை பீமனுக்கு. உப்பில்லாக் கீரையை உணவாக்கியவளுக்குப் பெயர்கூட இல்லை. கதவை ஏன் சாத்தினாள் என்று ஒவ்வொரு வருடமும் கேட்பேன், வறுமை என்று எழுதுவார்கள். அந்த வருடம் விடைத்தாளில் என்னோடு மாடியேறிய மாணவி மட்டும் வேறு எழுதியிருந்தாள்: வறுமை அவளுக்கு மட்டும் இல்லை, பாணனுக்கும்தான், ஆனால் வெட்கம் மட்டும் அவளுக்கு என்று ஏன் புலவர் வைத்தார்? முழு மதிப்பெண் போட்டேன்.

இந்த இசை பெண்களுடையதாகவும் இருந்தது என்பதை மறந்துவிட்டுத்தான் அந்த டிசம்பர்க் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. வீணை தனம்மாள் தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்ததைக் கேட்க வித்வான்கள் போய்க் காத்திருந்தார்கள். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். அவர் காசில் கட்டிய இடத்தில் ஆராதனை நாளில் பெண்கள் பாடக் கூடாது என்று தடுத்தார்கள். அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வைத்தார். மியூசிக் அகாடமி 1928-இல் தொடங்கியது. அதன் சங்கீத கலாநிதி விருது ஒரு பெண்ணிடம் வந்து சேர 1968 வரை ஆனது, அதுவும் எம்.எஸ். சுப்புலட்சுமியிடம். எம்.எஸ்-ஸுக்கே அவ்வளவு காலம் என்றால், எதிரே உட்கார்ந்து கேட்கிறவளைப் பற்றி யார் கவலைப்படப் போகிறார்கள். மேடையில் ஒரு பெண்ணை ஏற்றிக் கும்பிடுவது நமக்குச் சுலபம். கீழே, முதல் வரிசையில் இல்லாவிட்டாலும் பதினெட்டாவது வரிசையில், வயிறார உண்டுவிட்டு வந்து, தாலியும் துணையும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து, கடைசி வரை கேட்டுவிட்டு எழுந்துபோகும் பெண்ணைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசி வரை என்று சொன்னேன். தனி ஆவர்த்தனம் தொடங்கினால் கேன்டீனுக்குக் கிளம்பிவிடுவார்கள் என்று ரசிகர்களைக் கேலி செய்யும் பழைய நகைச்சுவை உண்டு. தனி தொடங்கும் நேரத்தில் எழும் பெண்களை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேன்டீன் பக்கம் திரும்புவதில்லை, கேட்டுக்குப் போகிறார்கள். வீட்டில் தோசை வார்க்க வேண்டும், மாமனாருக்கு மாத்திரை கொடுக்க வேண்டும், பேருந்து குறைந்துவிடும். அன்றைக்கு என் மாணவியும் எழுந்தாள். பிரதான உருப்படிக்குப் பாடகி ஆலாபனை எடுத்து, கல்யாணி மெல்ல மெல்லத் திறந்துகொண்டிருந்த நேரம். மணி எட்டு. விடுதிக் கதவு எட்டரைக்குச் சாத்திவிடும். ஆண்கள் விடுதிக்கு அப்படியொரு கதவு இல்லை, காவலாளி மட்டும் இருக்கிறார். வர்ணத்தை ஓட்டலின் மாடிப்படி எடுத்துக்கொண்டது, தனியையும் மங்களத்தையும் விடுதியின் கேட் எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் நடுவில் கிடைத்ததைக் கேட்டுவிட்டு, மறுநாள் வந்து, "நல்லாருந்துச்சு மேம், ஆனா எப்பிடி முடிப்பாங்க?" என்று கேட்டாள்.

ரசனை என்பது பயிற்சி. கச்சேரியை முழுதாக நூறு முறை கேட்டவனுக்குத்தான் நூற்றியோராவது முறை ஏதோ புரியும். வாசல் நேரமும் வயிற்று நேரமும் அனுமதித்த அரைகுறைகளைக் கேட்டே பெண்கள் இவ்வளவு தெரிந்துவைத்திருக்கிறார்கள். பிறகு அவர்களைப் பார்த்து, புடவை பார்க்க வருகிறார்கள், கேன்டீனுக்காக வருகிறார்கள் என்று எழுதுவார்கள். கேன்டீனுக்காக வந்தால்தான் என்ன? வருடத்தில் ஒரு மாதம், இன்னொருவர் சமைத்த கீரை வடையை, இன்னொருவர் எடுத்து வைக்க, சூடு ஆறுவதற்குள் சாப்பிடும் ஆசையில் வந்தால் அதில் என்ன கேவலம்? சபா கேன்டீன்களில் ஃபேமிலி ரூம் கிடையாது. டிக்கெட்டும் வேண்டாம். நீள மேசையில் யாருக்குப் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். அங்கே பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவதற்கு ருசி மட்டும் காரணமில்லை என்பது அதை எழுதுகிறவர்களுக்கு எட்டவில்லை.

இந்த டிசம்பரில் எட்டு மாணவிகள் என்னோடு வருகிறார்கள். அதே ஓட்டலுக்குத்தான் போகிறோம். ஐந்து மணிக்கே போய், கீழ்க் கூடத்தில், காலியாகும் இடங்களில் ஒருவர் ஒருவராகப் பரவி உட்காரப்போகிறோம். எட்டுப் பேரும் எட்டு மேசை. எட்டுப் பேரும் காப்பி குடிக்கப்போகிறோம். மரக்கட்டைச் சாவியை எட்டு முறை கேட்கப்போகிறோம், கல்லாக்காரருக்குச் சலித்துப்போய்க் கதவைத் திறந்தே வைக்கும்வரை. விடுதிக் காப்பாளருக்கு நேற்றே கடிதம் கொடுத்தாயிற்று, இரவு பத்தரைக்குத் திரும்புவோம் என்று. காரணம் எழுதும் கட்டத்தில் ஒருத்தி 'கல்விச் சுற்றுலா' என்று போட்டிருந்தாள். அதை அடித்துவிட்டு 'சாப்பாடு, கச்சேரி' என்று எழுதச் சொன்னேன். எழுதினாள்.